மதிப்பெண்ணும் நஸீபும்

(ஜமாஅத் மாணவ மாணவியர் பரிசளிப்பு விழாவில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)





பன்னிரண்டாம் வகுப்பில் 600க்கு 560 மதிப்பெண் பெற்ற பிள்ளைக்கு விரும்பிய பொறியியல் கல்லூரி கிடைக்கவில்லை. 536 பெற்ற அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்துவிட்டது. இப்படி நேர்ந்தால் நம் வீடுகளில் "நஸீபு அவ்வளவுதான்" என்கிறோம். கத்ரை நம்புவது ஈமானைச் சேர்ந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் நாம் அறிந்துகொள்ளத் தவறியதையெல்லாம் கத்ரின் மீது ஏற்றிவிடுவது முறையாகாது.

ஓர் ஆலிமுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். மீராஸ் பங்கீட்டில் ஆறில் ஒன்று, எட்டில் ஒன்று என்று பிரித்துக் கொடுக்கப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு கடினமானதன்று.

தமிழகப் பொறியியல் கலந்தாய்வில் மொத்த மதிப்பெண்ணைக் கொண்டு தரவரிசை இடுவதில்லை. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிடுகின்றனர். இதைத்தான் கட்-ஆஃப் என்கிறோம். 560 பெற்ற பிள்ளை கணிதத்தில் 88, இயற்பியலில் 90, வேதியியலில் 92 எடுத்திருந்தால் அதன் கட்-ஆஃப் 88, 45, 46 சேர்ந்து 179. மொத்தத்தில் 24 குறைந்த பிள்ளை இதே பாடங்களில் 98, 96, 94 எடுத்திருந்தால் அதற்கு 193. கணிதத்தில் இழக்கும் ஒரு மதிப்பெண் முழு மதிப்பெண்ணாகவே குறைகிறது. மற்ற இரண்டில் அரையாகக் குறைகிறது. ஒரே கட்-ஆஃபில் நூற்றுக்கணக்கானோர் நிற்கும் இடங்களும் உண்டு. அங்கே கணித மதிப்பெண் கூடியவரே முன்னே செல்கிறார். ஆகவே ஒரு விடை சரியாகத் திருத்தப்படவில்லை என்று பிள்ளை உறுதியாகச் சொன்னால், உரிய நாளுக்குள் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள்.

2007ஆம் ஆண்டு முதல் பொறியியலுக்கு மாநில நுழைவுத் தேர்வு இல்லை. பள்ளித் தேர்வே வாசல். மருத்துவத்தின் நிலை வேறு. 2017 முதல் நீட் மதிப்பெண்ணே அங்கு வரிசையைத் தீர்மானிக்கிறது. எந்த வாசலுக்கு எந்தச் சாவி என்று தெரியாமல் பிள்ளைகளை வருத்துகிறோம். மொழிப்பாடங்களைப் புறக்கணியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவற்றில் தேறாமல் எதுவும் இல்லை. அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்க விரும்பும் பிள்ளைக்குத் தமிழ் மதிப்பெண்தான் தரவரிசை.

அடுத்தது சான்றிதழ். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு 2007ஆம் ஆண்டிலிருந்து உள்ளது. அது முஸ்லிம் என்ற பெயருக்கு மட்டும் கிடைப்பதன்று. ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, தக்னி, தூதேகுலா, அன்சார், மாப்பிள்ளா, ஷேக், சையத் என்ற ஏழு பிரிவுகளுக்கு உரியது. சான்றிதழில் பிரிவு குறிப்பிடப்படாமல் வெறுமனே "முஸ்லிம்" என்றிருந்தால் பிள்ளை பொதுப் பிரிவில் வைக்கப்படும் நிலை வரும். கட்-ஆஃப் 170 பெற்ற பிள்ளைக்கு அந்த ஒரு சொல் எத்தனை கல்லூரிகளைத் தள்ளிவிடும் என்று எண்ணிப் பாருங்கள்! நிக்காஹ் பதிவேட்டில் ஓர் எழுத்துப் பிழையென்றால் இரவோடிரவாக நம் கதவைத் தட்டுகிறீர்கள். இந்தச் சான்றிதழைப் பத்தாம் வகுப்பிலேயே எடுத்துப் பாருங்கள். வீட்டில் இதுவரை பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றும் பெறுங்கள். கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தோருக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 விழுக்காடு இடம் தனியாக இருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. பலர் இரண்டையும் ஒன்றென எண்ணுகின்றனர்.

இணையவழிக் கலந்தாய்வில் கல்லூரிகளை விருப்ப வரிசைப்படி பதிய வேண்டும். உயர்ந்த கல்லூரியை மேலே எழுதினால் கீழே உள்ளதும் கைநழுவும் என்று அஞ்சி, பலர் நான்கைந்தோடு நிறுத்திவிடுகின்றனர். அந்த அச்சத்திற்கு ஆதாரமில்லை. தன் முறை வரும்போது பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக உள்ள முதல் இடமே ஒதுக்கப்படுகிறது. கிண்டியை முதலில் எழுதுவதால் ஊர்ப் பக்கத்துக் கல்லூரி போய்விடாது. பட்டியல் குறுகியதாக இருந்தால்தான் வெறுங்கையோடு நிற்க நேரிடும்.

தாய்மார்களுக்கு ஒன்று. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தில் மாணவியரே ஆண்டுதோறும் முந்துகின்றனர். இன்று பரிசு வாங்க நிற்கும் வரிசையைப் பார்த்தாலே தெரிகிறது. ஆயினும் பெண்பிள்ளைதானே என்று பதினொன்றாம் வகுப்பில் கணிதம் இல்லாத பிரிவில் சேர்த்துவிடுகிறோம். பொறியியல் வாசல் பதினைந்து வயதிலேயே அவளுக்கு அடைபட்டுவிடுகிறது. பின்னர் 580 எடுத்தாலும் திறப்பதில்லை. எந்தப் பிரிவு வேண்டும் என்று அவளிடமே கேளுங்கள். கல்லூரி தொலைவு, விடுதி, பாதுகாப்பு ஆகியவற்றைப் பிறகு அமர்ந்து பேசிக்கொள்ளலாம். பேசத் தயாராக நாங்கள் இருக்கிறோம்.

தேர்வு முடிவு வெளியானதும், இன்ஷா அல்லாஹ், இஷாவுக்குப் பின் மதரஸாத் திண்ணையில் நம் ஜமாஅத்தின் பட்டதாரி இளைஞர்கள் அமர்ந்திருப்பார்கள். மதிப்பெண் பட்டியலையும் சாதிச் சான்றிதழையும் கையோடு கொண்டு வாருங்கள். பிள்ளையையும் உடன் அழைத்து வாருங்கள்.

வஸ்ஸலாம்.