கரை உயர்ந்தால் போதுமா?

காஞ்சிபுரம் மாவட்டத்துத் தண்டலம் பக்கம் மழை வலுத்தால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: செம்பரம்பாக்கம் ஏரியில் எத்தனை அடி? 2015 டிசம்பரில் அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதைச் சென்னை இன்னும் மறக்கவில்லை. ஆனால் அதற்கு மேலே இருக்கிற ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, பெயரே செய்தியில் வராத சிற்றேரிகள், இவற்றை யார் விசாரிக்கிறார்கள்? எல்லாம் மண்கரை. மேல் ஏரியின் உபரி கீழ் ஏரிக்கு வரவு. மேலே ஒரு கரை உடைந்தால், மெல்ல வரவேண்டிய தண்ணீர் மொத்தமாக வந்து அடுத்த கரையில் மோதும்.

மண்கரையின் மேல் தண்ணீர் ஏறி வழிந்தால் கரை அரித்துப் போகும். அதனால்தான் உபரி வழிந்தோடக் கரையைவிடத் தாழ்வாகக் கலங்கல் கட்டினார்கள். பழைய கலங்கல்களின் மேல் குத்துக்கற்கள் வரிசையாக நிற்கும், பார்த்திருப்பீர்கள். அடைமழைக் காலத்தில் கற்களின் இடைவெளி திறந்தே கிடக்கும். மழை ஓயும் தறுவாயில் களிமண்ணும் வைக்கோலும் திணித்து அடைத்து, கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் பிடிப்பார்கள். முந்தி அடைத்தால் கரைக்கு ஆபத்து. பிந்தினால் பயிர் காயும். நாள் பார்த்து அடைப்பதில்தான் ஊரின் சாமர்த்தியம். இதே காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், 10ஆம் நூற்றாண்டுப் பராந்தகன் காலக் கல்வெட்டு ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் என்றே தனிக்குழுவைச் சொல்கிறது.

இன்றும் ஏரியை ஆயக்கட்டால், அதாவது அது பாயும் நிலத்தின் பரப்பால்தான் அளக்கிறோம். 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் என்றால் நீர்வளத்துறையின் பொறுப்பு, குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஒரகடம் பக்கம் வயல் தொழிற்சாலை ஆனபின், மடையைத் திறக்கச் சொல்லி யார் வரப்போகிறார்கள்? கேட்க ஆளில்லாத ஏரியின் போக்குக் கால்வாய் தூர்ந்துபோகிறது. ஆனால் வயலில் ஊறிய மழை இப்போது தகரக் கூரையிலும் தார்ச்சாலையிலும் விழுந்த வேகத்தில் ஓடிவருகிறது. பாசன வேலை போனாலும் வெள்ளத்தைத் தாங்கும் வேலை கூடியிருக்கிறது. கரைக்குக் கீழே எத்தனை வீடு, எத்தனை பட்டறை என்று எண்ணித்தான் பராமரிப்புப் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

கரையோரம் குடியிருப்பவர்களுக்கு ஒன்று. கரையின் அடியில் கசிவு தெளிவாக வந்தால் கவனித்துக்கொண்டிருங்கள். கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது, எலி வளையோ நண்டு வளையோ வழிவிட்டிருக்கும். உடனே அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லுங்கள். கசிவின் வாயைத் துணிபோட்டு அடைக்காதீர்கள், தண்ணீர் வேறு பக்கம் பீறிடும். சுற்றிலும் மணல்மூட்டை அடுக்கி உள்ளே தண்ணீரை ஏறவிட்டால் அதன் எடையே வேகத்தைக் குறைக்கும். அந்த வேலையை விவரம் தெரிந்தவர்களை வைத்துச் செய்யுங்கள். பிள்ளைகளைக் கரைப்பக்கம் விடாதீர்கள்.