நீரிழிவும் நம் கால்களும்

நீரிழிவு என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது சர்க்கரை. அடுத்தபடியாகக் கண், சிறுநீரகம், இருதயம். கால் எளிதில் நினைவுக்கு வருவதில்லை. ஆயினும் இந்நோயினால் மருத்துவமனையில் நெடுநாள் படுக்க நேர்வோரில் பலர், காலில் ஏற்பட்ட புண்ணோடு வந்தவர்களே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான நாடளாவிய ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உண்டு என்று மதிப்பிட்டது. ஆகவே நேயர்களே, இது யாரோ சிலருடைய கால்களைப் பற்றிய பேச்சன்று.

ரத்தத்தில் சர்க்கரை மிகுந்து பல்லாண்டுகள் நின்றால் நரம்புகள் கெடுகின்றன. உடலிலேயே நீளமானவை பாதம் வரை செல்லும் நரம்புகள். ஆதலால் கால்விரல் நுனியிலேதான் உணர்ச்சி முதலில் குன்றுகிறது. செருப்பினுள் ஒரு சிறு கல் புகுந்தால் நாம் நாலடி நடப்பதற்குள் நின்று உதறிவிடுகிறோம். உணர்ச்சி இழந்தவரோ அந்தக் கல்லின் மீதே நாள் முழுதும் நடக்கிறார். மாலையில் காலுறையில் ரத்தக்கறையைக் கண்ட பின்புதான் செய்தி தெரிகிறது.

இந்த உண்மையைத் தெளிவாக எடுத்துக்காட்டியது வேறொரு நோய். 1946-இல் வேலூருக்கு வந்த ரணசிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் கைகால்களை ஆராய்ந்தார். நோய் தசையை அழுகச் செய்கிறது என்றே அந்நாளில் பலரும் எண்ணினர். உணர்ச்சியற்ற உறுப்பு திரும்பத் திரும்ப அடிபடுவதும் அழுந்துவதுமே பெருங்காரணம் என்று அவர் காட்டினார். புண்பட்ட காலுக்கு மாக்கட்டுப் போட்டு, பின்னர் மிருதுவான ரப்பர் செருப்பு அணியச் செய்தார். 1966-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றபின், இதே முறை நீரிழிவாளரின் கால்களுக்கும் பயன்பட்டது. வேலூரில் கற்ற பாடம் இப்படி உலகைச் சுற்றியது.

உணர்ச்சியைச் சோதிக்க இன்று பயன்படும் கருவி ஒரு நைலான் இழைதான். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் அவ்விழையால் வைத்தியர் பாதத்தைத் தொடுகிறார். தொட்டது தெரியவில்லை எனில் அந்தக் காலுக்குக் காவல் தேவை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் காவலே. இன்சுலினையே நம்பி வாழ்வோரிடம் நடந்து 1993-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியில், கண்டிப்பான கட்டுப்பாடு நரம்புக் கேட்டை 60 சதவீதம் குறைத்தது.

நம்மை அதிகம் சிந்திக்க வைத்தது, 2003-இல் வெளியான மற்றொரு சிறு அமெரிக்க ஆய்வு. புண்ணின் மீது பாரம் விழாதிருக்கக் கழற்றக்கூடிய காலணியைச் சில நோயாளருக்குக் கொடுத்து, அவர்கள் நடந்த அடிகளை எண்ணினார்கள். நூறு அடிகளில் ஏறக்குறைய 28 மட்டுமே அதை அணிந்து வைத்தவை! இதைப் பிடிவாதம் என்று பழிப்பது அழகன்று. வலிக்காத காலுக்கு வீட்டுக்குள் காலணி எதற்கென்று யாருக்கும் தோன்றும். வாயிலிலேயே செருப்பைக் கழற்றும் நம் நாட்டு வழக்கத்தில் இது இன்னும் கடினம். வெளியே கொண்டு செல்லாத ஒரு ஜோடியை வீட்டுக்கென்றே வைத்துக்கொண்டால் வழக்கமும் கெடாது, காலும் பிழைக்கும். கோயிலுக்குச் செல்வதாயின், கல் கொதிக்கும் நண்பகலை விடுத்து விடியற்காலையில் செல்லலாம்.

பாதத்தின் அடிப்பக்கத்தைத் தானே பார்ப்பது முதியவர்க்கு எளிதன்று, கண்ணும் மங்கியிருக்கும். இரவில் கால் கழுவித் துடைத்தபின், மகனோ மருமகளோ பேரக்குழந்தையோ விரல் இடுக்குகளை விளக்கொளியில் ஒரு நிமிடம் பார்த்துச் சொல்லட்டும். வெந்நீரின் சூட்டையும் வேறொருவர் கையால் பார்ப்பது நலம். ஆணியைப் பிளேடால் சீவுவது கூடவே கூடாது. ஒரு கால் மட்டும் சிவந்து, வீங்கி, மற்றதைவிடச் சூடாக இருந்தால், அல்லது கொப்புளமோ வெடிப்போ காணப்பட்டால், வலி இல்லையே என்று காத்திராமல் அன்றைக்கே வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.