சத்தம் தொலையவில்லை, வேறு கணக்கில் வரவாகியிருந்தது

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் சித்திரை மாதக் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



"ஸ்மார்ட் வாட்ச், ஸ்பீக்கர் பற்றி நீங்கள்தான் பேச வேண்டும் சார்" என்று செயலாளர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பி.காம். படித்தவன். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். இன்ஜினீயர்கள் நாலைந்து பேர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் மாசி மாதம் ஒரு விடியற்காலை நம் மொட்டை மாடியில் நடந்தது எனக்குத்தான் நடந்தது. அதனால் நானே சொல்கிறேன்.

போன வருஷம் எனக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். "தினமும் நடங்கள், ஆனால் நாடித்துடிப்பு 110ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார் டாக்டர். அது எனக்குச் சொன்ன எண். உங்கள் எண்ணை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். 220லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு ஒன்று ஊரெல்லாம் சுற்றுகிறது. அது தோராயமான கணக்கு. துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது பொருந்தவே பொருந்தாது.

என் பையன் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தான். இருட்டு பிரியாத நேரத்தில், கண்ணாடி இல்லாமல், நடந்துகொண்டே அதில் உள்ள எண்ணைப் படிக்க என்னால் முடியாது. அதனால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை துடிப்பை வாய்விட்டுச் சொல்லும்படி அவனே ஏற்பாடு செய்தான். தண்ணீர்த் தொட்டி மேடையில் கைக்கு அடக்கமான ஒயர்லெஸ் ஸ்பீக்கர் ஒன்றை வைத்துவிட்டு நடப்பேன். "ஹார்ட் ரேட், நைன்ட்டி எய்ட்" என்று அது சொல்லும். நான் அதே வேகத்தில் நடப்பேன். நூறைத் தாண்டினால் குறைப்பேன். இரண்டு மாதம் ஒழுங்காக நடந்தது.

அன்று ஸ்பீக்கர் பேசவில்லை. ஏதோ யோசனையில் இருந்தேன். சத்தம் இல்லை என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். மௌனம் சம்மதம் என்பார்களே, அப்படி. வேகம் கூடியது எனக்கே தெரியவில்லை. இருபது நிமிஷம் ஆகியிருக்கும். மாடிப்படி வாசலிலிருந்து, எங்களுக்கு எதிர் வீட்டு அம்மா குரல் கொடுத்தார்: "அண்ணா, உட்காருங்க! 138ன்னு சொல்லுது! உட்காருங்க!"

நின்றபோதுதான் நெஞ்சில் ஒரு இறுக்கம் இருப்பது தெரிந்தது. உட்கார்ந்தேன். அவரே தண்ணீர் கொண்டுவந்தார். அன்றைக்கே டாக்டரிடம் போனேன். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இனி இப்படிச் செய்யாதீர்கள் என்றார்.

என் துடிப்பு 138 என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது?

முந்தின நாள் இரவு அவர் பேரனுக்குப் பிறந்தநாள். குழந்தைகளுக்குப் பாட்டுப் போட என் போனை அவர் வீட்டு ஸ்பீக்கரோடு சேர்த்தேன். காரியம் முடிந்தது, மறந்துவிட்டேன். மறுநாள் விடியற்காலை சுப்ரபாதம் கேட்க அவர் ஸ்பீக்கரை ஆன் செய்தார். இந்த வகை ஸ்பீக்கர்கள் ஆன் ஆனதும் கடைசியாகத் தங்களோடு பேசிய போனைத் தேடும். அது என் போன். மொட்டை மாடிக்கு நேர் கீழே அவர் வீடு, எட்டும் தூரம்தான். என் போனும் புதிதாக வந்த ஸ்பீக்கருக்குச் சத்தத்தை மாற்றிவிட்டது. வெங்கடேசப் பெருமாளை எழுப்ப வேண்டிய இடத்தில் என் நாடித்துடிப்பு ஒலித்திருக்கிறது. முதலில் என்னவோ என்று நினைத்தாராம். எனக்கு ஸ்டென்ட் வைத்தது அவருக்குத் தெரியும். எண் ஏற ஏற ஓடி வந்துவிட்டார்.

வங்கியில் இதற்குப் பெயர் தவறான கணக்கில் வரவு. வாடிக்கையாளர் "என் பணம் காணவில்லை" என்று வந்து நிற்பார். பணம் காணாமல் போயிருக்காது, இன்னொருவர் லெட்ஜரில் உட்கார்ந்திருக்கும். வவுச்சரை எடுத்து, அது எந்தெந்தக் கவுண்டர் வழியாகப் போனது என்று பார்த்தால் கிடைத்துவிடும். வாட்ச் சத்தமும் அப்படித்தான். "வரவில்லை" என்று சொல்வதை விட்டு "எங்கே போனது" என்று கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

இந்தச் சத்தத்துக்கு மூன்று கவுண்டர். முதலாவது வாட்ச். அடியில் பச்சை விளக்கு மினுக்குகிறதே, அந்த வெளிச்சம் ரத்த ஓட்டத்தில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை வைத்து அது துடிப்பை எண்ணுகிறது. இரண்டாவது போன். வாட்ச் அனுப்புவது வெறும் எண். அதைப் பேச்சாக மாற்றுவது பெரும்பாலும் போனில் உள்ள ஆப். மூன்றாவது ஸ்பீக்கர். போன் அந்தப் பேச்சைப் பாட்டு அனுப்புவதுபோலவே அனுப்புகிறது. வாட்ச் நேரே ஸ்பீக்கரோடு பேசுகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். என் வாட்ச் அப்படிப் பேசுவதில்லை.

நேரே பேசும் வாட்ச்களும் உண்டு. ஆப்பிள் வாட்சில் உடற்பயிற்சிக் குரல் வாட்சின் சொந்த ஸ்பீக்கரிலோ, வாட்சோடு இணைத்த ஹெட்ஃபோனிலோ வரும். கார்மினில் பாட்டுச் சேமிக்கும் வசதி உள்ள வகைகளும் வாட்சோடு இணைத்த ஹெட்ஃபோனுக்குக் குரலை அனுப்பும். அந்த வகை வைத்திருப்பவர்கள் இணைப்பைப் போனில் மட்டுமல்ல, வாட்சிலும் பார்க்க வேண்டும். இன்னொன்று, பெட்டியில் "ப்ளூடூத் காலிங்" என்று போட்டிருந்தால், போன் வந்தால் மணிக்கட்டிலேயே பேசலாம் என்றுதான் பொருள். வெளி ஸ்பீக்கருக்குப் பாட்டு அனுப்பும் என்று பொருள் இல்லை. வாங்கும் முன்பே கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

இனி கோளாறுகள். டிரயல் பேலன்ஸ் டேலி ஆகாமல், வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கும் என்று முதலில் தேடுவோம். 54ஐ 45 என்று எழுதியிருப்போம். அறிகுறியைப் பார்த்தே எந்த லெட்ஜரைத் திறப்பது என்று முடிவு செய்வோம். இங்கே நான்கு அறிகுறிகள்.

ஒன்று, சத்தமே இல்லை. வாட்சைத் தொடாதீர்கள். போனில் ஒரு பாட்டைப் போடுங்கள். அது எங்கே கேட்கிறது? போனிலேயே கேட்டால் ஸ்பீக்கர் இணையவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டால் என் கதை. எங்குமே கேட்காவிட்டால் போனில் மீடியா வால்யூமைப் பாருங்கள். மணி அடிக்கும் வால்யூம் வேறு, அது வேறு. பிறகு ப்ளூடூத் பட்டியலில் ஸ்பீக்கர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரப் படத்தைத் தொட்டால் "மீடியா ஆடியோ" என்று ஒரு வரி இருக்கும். அது அணைந்திருந்தால், இணைந்திருப்பதாகக் காட்டினாலும் பாட்டு வராது. ஸ்பீக்கர் பட்டியலிலேயே வரவில்லை என்றால், வீட்டில் வேறு யாருடைய போனாவது அதைப் பிடித்து வைத்திருக்கலாம். பேரன் பேத்திகளின் போனைப் பாருங்கள்.

இரண்டு, பாட்டு வருகிறது, வாட்ச் பேச்சு வரவில்லை. அப்படியென்றால் மூன்றாவது கவுண்டர் டேலி. இரண்டாவதுக்கு வாருங்கள். ஆப்பில் உடற்பயிற்சி அமைப்புகளுக்குள் "ஆடியோ கைடு", "வாய்ஸ் ஃபீட்பேக்", "ஆடியோ ப்ராம்ப்ட்" என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். அது ஆனில் இருக்கிறதா? அடுத்து, போனில் பேட்டரி சேமிப்பு. திரை அணைந்ததும் பின்னால் ஓடும் ஆப்களைப் போனே நிறுத்திவிடும். கையில் வைத்துப் பார்க்கும்போது பேசும், பையில் போட்டதும் ஊமையாகும். அந்த ஒரு ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள்.

மூன்று, விட்டு விட்டு வருகிறது. ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். நம் வீட்டு வைஃபையில் ஒரு பகுதியும் அங்கேதான், மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான். நெரிசலைத் தவிர்க்க, பாட்டு அனுப்பும் ப்ளூடூத் 79 தடங்களுக்குள் வினாடிக்கு 1600 தடவை வரை தாவிக்கொண்டே இருக்கும். அப்படியும் ஒன்று அதைத் தடுக்கும், நம் உடம்பு. உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், அது இந்த அலையை உறிஞ்சிவிடும். போன் முன்பையில் இருந்து, ஸ்பீக்கர் முதுகுப் பக்கம் இருந்தால் சத்தம் அறுந்து அறுந்து வருவது அதனால்தான். சிறிய ஸ்பீக்கர்களுக்குப் பத்து மீட்டர் என்பது திறந்த வெளிக் கணக்கு. இடையில் தொட்டியோ சுவரோ வந்தால் குறையும். ஸ்பீக்கரை மாடியின் நடுவில், இடுப்பு உயரத்தில் வையுங்கள்.

நான்கு, பேச்சு வருகிறது, முன்பாதி இல்லை. இதில்தான் நான் இரண்டாவது முறை ஏமாந்தேன். எதிர் வீட்டு ஸ்பீக்கரை என் போனிலிருந்து நீக்கிய மறு வாரம், என் ஸ்பீக்கர் "ட்வென்ட்டி" என்றது. இருபதா? என் மனைவியிடம் சொன்னேன். "இருபதுன்னா நீங்க நடக்க முடியாது, படுத்துத்தான் இருக்கணும்" என்றாள். வாட்ச் சொன்னது "ஹார்ட் ரேட், ஒன் ஹண்ட்ரட் ட்வென்ட்டி". நடுவில் ஐந்து நிமிஷம் சத்தமில்லாததால் ஸ்பீக்கர் தூங்கிவிட்டது. பேச்சு வந்ததும் விழித்துக்கொள்ள ஓரிரு வினாடி எடுத்துக்கொண்டது. அந்த வினாடியில் நூறு போய்விட்டது. ரொக்கப் புத்தகத்தில் முன் இலக்கம் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று வங்கிக்காரர்களுக்குத் தெரியும். இங்கே போவது ரூபாய் இல்லை.

இதற்கு மருந்து எளிது. நடக்கும் நேரம் முழுவதும் மெல்லிய வால்யூமில் ஒரு பாட்டோ நாதஸ்வரமோ ஓடவிடுங்கள். ஸ்பீக்கர் தூங்காது. பேச்சு வரும்போது பாட்டைப் பெரும்பாலான ஆப்கள் தாமே தாழ்த்திக்கொள்ளும். இன்னொரு பலனும் உண்டு. பாட்டு நின்றுபோனால் இணைப்பு அறுந்துவிட்டது என்று உடனே தெரிந்துவிடும். மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து இல்லை.

எந்தச் சோதனையானாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை ஒரு தாளில் எழுதுங்கள். நாலைந்தை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எது சரி செய்தது என்று தெரியாது. எதுவும் பலிக்காவிட்டால், இணைப்பை நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள். எல்லாவற்றையும் அழிக்கும் ரீசெட் கடைசி வழி. எடுத்தவுடனே அதைச் செய்வது, ஒரு வவுச்சர் தப்பாகிவிட்டது என்று லெட்ஜரையே கொளுத்துவது போல.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் என்பதால் இன்னும் மூன்று வார்த்தை. ஸ்பீக்கர் கடையிலிருந்து வரும் பெயரிலேயே இருந்தால் ஒரே மாடலுக்கு ஒரே பெயர்தான். ஆப்பிலோ போனிலோ உங்கள் வீட்டு எண்ணைச் சேர்த்து மாற்றி வையுங்கள். அடுத்த வீட்டு ஸ்பீக்கரை விசேஷத்துக்குப் பயன்படுத்தினால், முடிந்ததும் உங்கள் போன் பட்டியலிலிருந்து அதை நீக்கிவிடுங்கள். நம் உடம்பின் எண்கள் நம் வீட்டு விஷயம். எனக்கு நல்லவர்கள் காதில் விழுந்தது, எல்லோருக்கும் அப்படி அமையாது. மூன்றாவது, ஒலி மாசு விதிகள் 2000ல் வந்தவை. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. குடியிருப்புப் பகுதிக்கு அந்த நேரத்தில் 45 டெசிபல்தான் வரம்பு. கைக்கு அடக்கமான ஸ்பீக்கரானாலும் தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவுதான். நான் இப்போது ஆறு மணிக்கு மேல்தான் நடக்கிறேன். முன்னால் போக வேண்டியவர்கள் ஒரு காதில் மட்டும் இயர்ஃபோன் வைத்துக்கொள்ளலாம்.

வாட்ச் வைத்தியர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பட்டை தளர்ந்திருந்தால் எண் தப்பாக வரும். சில நேரம் காலடித் தாளத்தையே துடிப்பு என்று எண்ணிவிடும். எண் எதைச் சொன்னாலும் நெஞ்சில் இறுக்கம், மூச்சுத் திணறல், தலைசுற்றல் வந்தால் நில்லுங்கள், குறையாவிட்டால் 108ஐக் கூப்பிடுங்கள்.

நம் ஊர் ஆடவல்லானின் இரத்தின சபை இருக்கும் ஊர். காலைத் தலைக்கு மேல் தூக்கி ஆடிய அந்த ஊர்த்துவ தாண்டவத்தைத் திருவடியின் கீழ் இருந்து கேட்டும் பார்த்தும் பாடிக்கொண்டிருப்பவர் காரைக்கால் அம்மையார். ஆடுகிறவர் பக்கத்தில் கேட்கிறவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. அடுத்த கிருத்திகைக்குத் திருத்தணி மலைப்படி 365ஐயும் நிதானமாக ஏற வேண்டும் என்று எனக்கு ஆசை. டாக்டர் சரி என்றால், வாட்சோடும் எதிர் வீட்டுக்காரர்களோடும் போவதாக இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். வாட்ச், போன், ஸ்பீக்கர் மூன்றையும் சார்ஜ் செய்து கொண்டுவாருங்கள். சேர்ந்து டேலி பார்க்கலாம்.