அறுவை அரங்கில் பச்சிளங் குழந்தையின் உடல் வெப்பம்

பிறந்து ஓரிரு நாளே ஆன குழந்தைக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படுவதுண்டு. உணவுக்குழாய் முழுமையாக அமையாமை, மலவாய் இல்லாமை, வயிற்றுச் சுவர் மூடாமல் குடல் வெளியே தங்கிவிடுதல் போன்ற பிறவிக் குறைகள் நீண்ட காத்திருப்புக்கு இடந்தருவதில்லை. இக்குழந்தைகளைக் காப்பதில் அறுவை மருத்துவரின் கைத்திறனுக்குள்ள பங்கை அனைவரும் அறிவர். உடல் வெப்பத்தைக் காப்பதற்குள்ள பங்கும் அதற்குக் குறைந்ததன்று.

பச்சிளங் குழந்தையின் இயல்பான வெப்பநிலை 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. 32 டிகிரிக்குக் கீழே இறங்குவது மிகக் கடுமையான நிலையாகும். எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோற்பரப்பு பெரியவர்களுடையதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. தோலடிக் கொழுப்போ குறைவு. நடுங்கி வெப்பம் உண்டாக்கவும் அதனால் பெரிதும் இயலாது. தோள்பட்டைகளுக்கு இடையிலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்தே அது வெப்பம் பெறுகிறது. மயக்க மருந்து அந்த வழியையும் அடக்கிவிடுகிறது.

விளைவுகள் கடுமையானவை. குளிர்ந்த உடல் கூடுதலாகப் பிராணவாயுவைச் செலவிடுகிறது. இரத்தத்தில் சர்க்கரை குறைந்து அமிலத்தன்மை மிகுகிறது. இரத்தம் உறைவதும் மயக்கம் தெளிவதும் தாமதமாகின்றன. அறுவை செம்மையாக முடிந்தபின்னும் குழந்தையை இழக்க நேரிடலாம்.

தடுக்கும் முறைகள் எளியவை. குளிரூட்டும் பொறியை முன்னதாகவே நிறுத்தி, அரங்கின் வெப்பத்தை 26 டிகிரிக்குக் குறையாமல் வைத்தல் வேண்டும். கோடையிலும் இது பொருந்தும். தலைக்குக் குல்லாயும், கைகால்களுக்குப் பஞ்சுச் சுற்றும், அடியில் வெப்ப விரிப்பும் தேவை. தோலைத் துடைக்கும் மருந்து நீர், நரம்பில் ஏற்றும் திரவம், சுவாச வாயு ஆகியவை வெதுவெதுப்பாக இருத்தல் வேண்டும். வெளியே உள்ள குடலைத் தூய பிளாஸ்டிக் உறையால் மூடினால் ஈரம் ஆவியாவது குறையும். மிகைவெப்பமும் தோலைச் சுட்டுவிடும். ஆதலின் அறுவை முழுவதும் வெப்பநிலையை இடைவிடாது அளத்தல் இன்றியமையாதது.

எனினும் இப்பணி அரங்கின் வாயிலில் தொடங்குவதன்று. இத்தகைய அறுவை பெரும்பாலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே நடைபெறுகிறது. குழந்தை பிறப்பதோ தொலைவிலுள்ள சிற்றூர் மருத்துவமனையில். 2011ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா திட்டம், நோயுற்ற பச்சிளங் குழந்தைகளுக்கு அரசு மருத்துவமனைகளில் இலவச சிகிச்சைக்கும் ஊர்திக்கும் வழிசெய்தது. அவ்வூர்தியில் குழந்தை குளிர்ந்துபோனால் அரங்கின் ஏற்பாடுகள் பயன் குன்றும். ஈரம் துடைத்து, உலர்ந்த துணியால் சுற்றி அனுப்ப வேண்டும். குழந்தையின் நிலை இடந்தருமானால், தாயின் மார்போடு தோல்படச் சேர்த்து அணைத்து அழைத்துவருவதும் சிறந்த முறையே.

புறப்படும்போதும், வந்து சேரும்போதும், அறுவையின் தொடக்கத்திலும் முடிவிலும் குழந்தையின் வெப்பநிலையை ஒரே சீட்டில் குறிப்பதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. எந்த இடத்தில் வெப்பம் இழக்கப்பட்டது என்பதை அந்த நான்கு எண்களே காட்டிவிடும். திருத்த வேண்டிய இடம் தெரிந்தபின் திருத்துவது நிர்வாகத்தின் கடமை.