பள்ளிக்கூடத்துப் பாதையைப் பிள்ளைக்கு நடந்து காட்டுங்கள்

(காந்தி மார்க்கெட்டுக்குக் காய்கறி கொண்டுவரும் கிராமத்துத் தம்பதிகளிடையே ஆற்றிய உரை)



விடியுமுன்பே சரக்கைக் கொண்டுவந்து இறக்கி, விலை பேசி முடித்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் உங்களுக்கு உண்டு. அதனால் சுருக்கமாகவே பேசுகிறேன்.

குடும்ப நலம் என்றதும், "இந்த அம்மா ஆபரேஷனைப் பத்தித்தான் பேச வந்திருக்காங்க" என்று நினைப்பீர்கள். இன்றைக்கு அது இல்லை. பெற்ற ஒன்றையோ இரண்டையோ நல்லபடியாக வளர்த்து ஆளாக்குவதும் குடும்ப நலம்தானே?

பிள்ளைக்குத் தவறாமல் சொட்டு மருந்து கொடுத்தோம். 2011 ஜனவரிக்குப் பிறகு நம் நாட்டுக் குழந்தைகளிடம் காட்டுப் போலியோ தலைகாட்டவில்லை. 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்தது என்று சான்றிதழும் கிடைத்தது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் இன்னொன்றும் சொல்கிறது: 5 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு உலக அளவில் முதல் காரணம் சாலை விபத்து. இதற்குச் சொட்டு மருந்து கிடையாது. பெற்றவர்கள்தான் மருந்து.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். ஊருக்கெல்லாம் சுகாதாரம் சொல்லித் திரிந்த காலம். என் மகனுக்கு ஏழு வயது. இதே மார்க்கெட்டில், அதோ அந்தப் போர் நினைவுச் சின்னத்துப் பக்கம், ஒரு கையில் காய்ப்பை, மறு கையில் பிள்ளை. நின்றிருந்த இரண்டு லாரிக்கு நடுவே புகுந்து, வந்த லோடு வண்டிக்கு 'நில்லு' என்று பையோடு கையைக் காட்டிவிட்டு ரோட்டைக் கடந்தேன். பத்து நாள் கழித்து, பள்ளிக்கூடத்து வாசலில் என் மகன் ஒரு பஸ்ஸுக்கு அதேபோலக் கையைக் காட்டிவிட்டு ஓடினான். டிரைவர் பிரேக் போட்டதால் முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. பயத்தில் நான் இரண்டு அடி வைத்தேன். அவன் அழுதுகொண்டே கேட்டான்: "நீயும் அப்படித்தானேம்மா போனே?"

எனக்குப் பதில் இல்லை. "பார்த்துப் போடா" என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அது அவன் காதில் ஏறவில்லை. என் கை காட்டியது மட்டும் மனதில் ஏறிவிட்டது.

"பார்த்துப் போ" என்றால் பிள்ளைக்கு என்ன புரியும்? எதைப் பார்ப்பது, எங்கே நின்று பார்ப்பது? ஏழெட்டு வயதில் கண் நன்றாகத்தான் தெரியும். ஆனால் வருகிற வண்டி எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடும் திறமை ஏறக்குறைய பத்து வயதுவரை சரியாக வருவதில்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரே விநாடியில் 11 மீட்டர் ஓடிவிடும். நம் தெருவில் பிள்ளை பழகியது ஆடு, மாடு, சைக்கிள், டிராக்டர். மெயின் ரோட்டு லாரியும் அப்படித்தான் வரும் என்று நினைத்துவிடும். உயரமும் குறைவு. நிற்கிற வண்டிக்குப் பின்னால் இருந்தால் பிள்ளைக்கு ரோடு தெரியாது, டிரைவருக்குப் பிள்ளை தெரியாது.

ஆகவே நடந்து காட்டுங்கள். பள்ளி திறந்ததும் ஒரு வாரம் அப்பாவோ அம்மாவோ கூடவே போங்கள். முதல் இரண்டு நாள், "வலப்பக்கம் பார்க்கிறேன், ஒரு லாரி வருது, அது போகட்டும்" என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள். அடுத்த இரண்டு நாள் பிள்ளை சொல்லட்டும். பிறகு பிள்ளை முன்னே போகட்டும், நீங்கள் ஓரடி பின்னே போங்கள். தவறினால் அடிக்க வேண்டாம், மறுபடி நடத்திக் காட்டுங்கள். சொட்டு மருந்தை ஒரே தடவையோடு நிறுத்தினோமா? இதுவும் அப்படித்தான். லீவு முடிந்து பள்ளி திறக்கும்போதெல்லாம் மறுபடி ஒரு சுற்று வேண்டும். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பெரிய ரோட்டில் தனியாகக் கடக்க விடாதீர்கள்.

பழக்க வேண்டியவை இவை:

1. நடைபாதை இல்லாத ரோட்டில் வலது ஓரமாக நடக்க வேண்டும். அப்போதுதான் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும். சின்னப் பிள்ளை ரோட்டுப் பக்கம் வராமல் உள்பக்கமாக நடக்கட்டும்.

2. கடக்குமுன் ஓரத்தில் நிற்க வேண்டும். வலப்பக்கம், இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம் பார்த்து, நேராக நடக்க வேண்டும். ஓடக்கூடாது.

3. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதன் முன்னாலோ பின்னாலோ குறுக்கே போகக்கூடாது. பஸ் கிளம்பிப் போய், ரோடு தெரிந்த பிறகே கடக்க வேண்டும்.

4. போலீஸ்காரரோ சிக்னலோ உள்ள இடத்தில் கடப்பது நல்லது. சுற்று வழியாக இருந்தால் பிள்ளையைப் பத்து நிமிஷம் முன்னதாக அனுப்புங்கள். பாதி விபத்துக்கு அவசரம்தான் தாய்.

5. மோட்டார் சைக்கிளில் நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் ஹெல்மெட் வேண்டும். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் அப்படிச் சொல்கிறது. பதினெட்டு வயது ஆகாத பையனிடம் வண்டியைக் கொடுத்து அவன் தவறு செய்தால், பெற்றவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

வழி கெட்டிருந்தால் பெற்றவர் மட்டும் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தஞ்சாவூர் ரோட்டில் பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை சர்வீஸ் ரோடு வேண்டும் என்று மக்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டு வந்ததை அறிவீர்கள். உங்கள் ஊர்ப் பள்ளி வாசலுக்கு வேகத்தடையோ கோடு போட்ட கடவையோ தேவையானால், ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் எழுந்து கேளுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

அதையும் மீறி விபத்து நேர்ந்தால் 108-க்குப் போன் செய்யுங்கள். கையில் காசில்லையே என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அரசு குறித்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, ஒரு வரம்புவரை, அரசே ஏற்கிறது.

இதோ, இப்போது எழுந்து பஸ்ஸுக்குப் போகப் போகிறீர்கள். பிள்ளை கூட வரவில்லை, யார் பார்க்கப் போகிறார்கள் என்று லாரிக்கு நடுவே புகுந்துவிடாதீர்கள். இன்றைக்கே ஓரத்தில் நின்று, பார்த்துக் கடந்து பழகுங்கள். நமக்குப் பழகியதுதான் நாளைக்குப் பிள்ளைக்கும் வரும்.

காலையில் பையை மாட்டிக்கொண்டு போன பிள்ளை சாயங்காலம் பத்திரமாக வாசல்படி ஏறுவதே குடும்ப நலம்.