உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர்

(பொதுக்காலம் 23ம் ஞாயிறு – வானொலி மறையுரை)



இன்றைய நற்செய்தியில், லூக்கா 14ம் பிரிவில், பெருந்திரளான மக்கள் இயேசுவோடு நடந்து வருகின்றனர். அவர் திரும்பிப் பார்த்து அவர்களிடம் பேசுகிறார். பின்னால் வரும் கூட்டத்தை மகிழ்விக்கும் பேச்சாக அது இல்லை. தம் சிலுவையைச் சுமக்க முன்வராதவர் தமக்குச் சீடராக முடியாது என்கிறார். சொன்ன கையோடு இரண்டு சிறு உவமைகளையும் தருகிறார். ஒருவர் கோபுரம் கட்ட விரும்புகிறார். ஓர் அரசர் பத்தாயிரம் வீரரை வைத்துக்கொண்டு, இருபதாயிரம் பேரோடு வரும் பகை அரசரை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த இருவரும் செய்ய வேண்டிய முதல் வேலை என்ன? உட்கார்வது. உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது.

சிலுவையைச் சுமப்பது பற்றி நாம் எத்தனையோ மறையுரைகளைக் கேட்டிருக்கிறோம். அதே மூச்சில் இயேசு சொன்ன இந்த 'உட்கார்வது' பற்றி அவ்வளவாகக் கேட்டதில்லை. இன்று அதைப் பற்றிச் சிந்திக்க, அமெரிக்கக் கால்பந்தாட்ட வீரர் ஒருவரின் வாழ்வு நமக்குத் துணை செய்யட்டும். அவர் பெயரும் லூக்காதான். லூக் கீக்லி.

நம்மில் பலருக்கு அந்த விளையாட்டு பழக்கமில்லை. கால்பந்து என்று பெயர். ஆனால் கால் எப்போதாவதுதான் பந்தைத் தொடும். இருபுறமும் கூர்மையான, தேங்காய் போன்ற பந்து. அதைக் கையில் ஏந்தி ஓடவேண்டும், அல்லது எறிந்து பிடிக்கவேண்டும். பக்கத்துக்குப் பதினொரு பேர். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜ தூரமாவது முன்னேறினால்தான் பந்து தொடர்ந்து கையில் இருக்கும். தடுக்கும் அணியினர், பந்தோடு வருபவரை மோதி, மடக்கி, தரையில் வீழ்த்துவர். நம் கபடியில் பாடி வருபவரை மடக்குவது போலத்தான். ஆனால் இங்கே நூறு கிலோ எடையுள்ள இருவர் எதிரெதிரே முழு வேகத்தில் ஓடிவந்து மோதுகின்றனர்.

தடுக்கும் அணியின் முன்வரிசைக்குப் பின்னே நிற்பவரை லைன்பேக்கர் என்கின்றனர். அவருடைய பாதி வேலை, பந்து நகர்வதற்கு முன்பே முடிந்துவிடும். எதிரணியினர் எப்படி நிற்கின்றனர், யார் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதையெல்லாம் சில நொடிகளில் படித்து, வரப்போகும் ஆட்டம் இதுதான் என்று தம் அணியினருக்குக் கத்திச் சொல்லவேண்டும். பிறகு அந்த இடத்துக்கு ஓடி மோதவேண்டும்.

லூக் கீக்லி 1991ம் ஆண்டு ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். சின்சினாட்டி நகரில் இயேசு சபையினர் நடத்தும் புனித சவேரியார் உயர்நிலைப் பள்ளியிலும், அடுத்து அதே சபையினரின் பாஸ்டன் கல்லூரியிலும் படித்தார். கல்லூரி அணிக்காக மூன்று ஆண்டுகள் விளையாடினார். முதலாண்டில் 158 முறை, இரண்டாம் ஆண்டில் 183 முறை, 2011ல் 191 முறை எதிராளிகளை வீழ்த்தினார். அந்த 191, அவ்வாண்டு நாட்டின் கல்லூரி வீரர் எவரும் எட்டாத எண்ணிக்கை. கல்லூரிகளிலேயே சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருதும் அவருக்குக் கிடைத்தது.

அமெரிக்காவில் கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் வரிசைப்படி தெரிவு செய்கின்றன. முந்திய ஆண்டில் மிகவும் தோற்ற அணிக்கே முதல் வாய்ப்பு. கடைசியாய் இருப்போர் முதலாவர் என்ற நற்செய்தி விதி இங்கே எப்படியோ நுழைந்துவிட்டது! 2012 ஏப்ரல் 26 அன்று கரோலைனா பாந்தர்ஸ் அணி, ஒன்பதாவது ஆளாகக் கீக்லியைத் தேர்ந்தது. முதல் ஆண்டிலேயே 164 முறை வீழ்த்தி லீக்கில் முதலிடம் பெற்றார். இரண்டாம் ஆண்டில், 22 வயதில், தேசிய லீக்கின் சிறந்த தடுப்பாட்ட வீரர் என்ற விருது பெற்றார். எதிரணிகளின் பழைய ஆட்டங்களை மணிக்கணக்கில் திரையில் பார்த்துப் படிப்பது அவருடைய பழக்கம். எதிரணி என்ன செய்யப்போகிறது என்பதை அவர்கள் செய்யுமுன் உரக்கச் சொல்லிவிடுவார் என்று புகழ் பெற்றிருந்தார்.

அவர் தெரிவு செய்யப்பட்ட ஆறாம் நாள், 2012 மே 2 அன்று, அந்த நாட்டையே உலுக்கிய ஒரு செய்தி வந்தது. 20 பருவங்கள் ஆடிப் புகழ்பெற்ற லைன்பேக்கர் ஜூனியர் செயாவ், 43ம் வயதில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய மூளையைப் பரிசோதித்த அறிஞர்கள், சி.டி.இ. என்ற நோய் அதில் இருந்ததென அடுத்த ஆண்டு அறிவித்தனர். தலையில் மீண்டும் மீண்டும் விழும் அடிகளால் வரும் நோய் அது. இறந்தபின் மூளையை ஆராய்ந்தே உறுதி செய்ய முடிகிறது.

இந்த ஆட்டக்காரர்களிடம் அந்நோயை முதன்முதலில் கண்டறிந்தவர் ஒரு கத்தோலிக்கர் என்பதை இங்கே சொல்லாமல் போகமுடியாது. நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னட் ஒமாலு. 2002ல் பிட்ஸ்பர்க் நகரில், 50 வயதில் இறந்த மைக் வெப்ஸ்டர் என்ற முன்னாள் வீரரின் உடல் அவருடைய மேசைக்கு வந்தது. வெப்ஸ்டர், புகழின் உச்சியில் இருந்தவர். கடைசி ஆண்டுகளில் வீடின்றித் தம் வண்டிக்குள் உறங்கியவர். வழக்கமான சோதனையில் அந்த மூளை சாதாரணமாகவே தோன்றியது. ஒமாலு அதோடு விட்டுவிடவில்லை. தம் சொந்தப் பணத்தைச் செலவழித்து மேலும் ஆய்வு செய்தார். 2005ல் அவர் கட்டுரை வெளியிட்டபோது, லீக்கோடு தொடர்புள்ள மருத்துவர்கள் அதைத் திரும்பப் பெறவேண்டும் என்று கேட்டனர். கணக்கைப் பார்க்க விரும்பாதவர்கள், கணக்கு எழுதியவர்மீதுதான் முதலில் கோபப்படுவார்கள்.

கீக்லிக்கு வருவோம். 2015 பருவத்தில் அவருடைய அணி 15 ஆட்டங்களில் வென்று, ஒன்றில் மட்டுமே தோற்று, இறுதிப் போட்டிவரை சென்றது. 2016 பிப்ரவரி 7 அன்று டென்வர் அணியிடம் 24க்கு 10 என்று தோற்றது. அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே கீக்லிக்கு மூளை அதிர்ச்சி ஏற்பட்டு, மூன்று ஆட்டங்கள் வெளியே இருந்திருந்தார். அடுத்த பருவத்தில், 2016 நவம்பர் 17 இரவு, மீண்டும் ஒரு மோதல். இம்முறை அவரால் எழ முடியவில்லை. சிறு வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுசென்றபோது, அவர் விம்மி விம்மி அழுததைத் தொலைக்காட்சி வழியே நாடே பார்த்தது. மூளை அதிர்ந்தவர்களால் உணர்ச்சிகளை அடக்க முடியாமல் போவதுண்டு. எவரையும் வீழ்த்தக்கூடிய ஒரு மனிதர், ஏதும் செய்ய இயலாத குழந்தையைப்போல் அமர்ந்திருந்தார். மீதமிருந்த ஆறு ஆட்டங்களிலும் அவர் ஆடவில்லை. 2017 அக்டோபரில் மூன்றாம் முறையும் அதே காயம்.

அவர் திரும்பி வந்தார். நன்றாகவே ஆடினார். 2019ல் 16 ஆட்டங்களிலும் களமிறங்கி 144 முறை வீழ்த்தினார். ஒப்பந்தக் காலம் முடியவில்லை. அணி அவரை வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்நிலையில்தான், 2020 சனவரி 14 அன்று, 28ம் வயதில், ஒரு காணொளியில் தோன்றி ஓய்வை அறிவித்தார். குரல் தழுதழுத்தது. தனக்கு இன்னும் ஆட ஆசை இருக்கிறது என்று ஒளிக்காமல் சொன்னார். ஆனால் அது சரியான முடிவாகத் தோன்றவில்லை என்றார். சிறுவயதிலிருந்து வேகத்தோடும் வலிமையோடும் ஆடத்தான் தெரியும். இனி அப்படி முடியுமா என்று தெரியவில்லை என்றார்.

எதிராளியின் அடுத்த அசைவைப் படிப்பதற்கென்றே பிறந்தவர், அந்த நாளில் தம்மையே படித்தார். பத்தாயிரமும் இருபதாயிரமும் அவருக்குக் கண்முன் தெரிந்தன. இயேசுவின் உவமையில் வரும் அந்த அரசர், எதிரி தொலைவில் இருக்கும்போதே தூதரை அனுப்பிச் சமாதானம் பேசுகிறார். அவரைக் கோழை என்று இயேசு சொல்லவில்லை.

'அப்படியானால் கஷ்டம் வந்ததும் விட்டுவிடலாமா, சாமி?' என்று சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. அதே பாந்தர்ஸ் அணியில், கீக்லிக்குப் பக்கத்திலேயே நின்று ஆடிய மற்றொரு லைன்பேக்கர் தாமஸ் டேவிஸ். ஒரே முழங்காலில் ஒரே தசைநார் மூன்று முறை அறுந்தும், மூன்று முறையும் மீண்டு வந்தவர். 2016ல் இறுதிப் போட்டிக்கு இரு வாரங்களுக்குமுன் அவருடைய முன்கை எலும்பு முறிந்தது. உலோகத் தகடு வைத்துத் தைத்துக்கொண்டு அந்தப் போட்டியில் ஆடினார். ஒருவர் தங்கினார், ஒருவர் விலகினார். திருஅவையிலும் இதைக் கண்டிருக்கிறோம். புனித 2ம் ஜான்பால், நடுங்கும் கைகளோடு, பேச்சும் அற்றுப்போன நிலையில், 2005 ஏப்ரலில் இறக்கும்வரை பொறுப்பில் இருந்தார். அவருக்கு அடுத்து வந்த 16ம் பெனடிக்ட், தம் வலிமை குன்றியதென்று கூறி 2013 பிப்ரவரியில் விலகினார். இருவரில் யார் பெரியவர் என்று வாதாடிய நம்மவர் உண்டு. நமக்கு அந்த வாதத்தில் ஆர்வமில்லை. இருவரும் செபத்தில் அமர்ந்து தம் கணக்கைப் பார்த்தவர்கள். விடைகள் வேறுபட்டன.

கீக்லி படித்த பள்ளியையும் கல்லூரியையும் நடத்தும் சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரும் உடல் வலிமையை நம்பிய போர்வீரர்தான். 1521ல் பம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு அவர் காலை நொறுக்கியது. எலும்பு கோணலாகச் சேர்ந்து துருத்திக்கொண்டு நின்றதால், அழகான காலணி அணிய முடியாதே என்று, அந்த எலும்பை அறுக்கச் சொன்னார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. அவ்வளவு வேதனையையும் பல்லைக் கடித்துத் தாங்கினார். அதைத் தியாகம் என்று யாரும் சொல்வதில்லை. அது வீண் பெருமை. பிறகு மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தபோதுதான் தம் எண்ணங்களைக் கவனிக்கத் தொடங்கினார். போர்ப் புகழைப் பற்றிய கனவுகள் அந்த நேரத்தில் இனித்தன. பின்னர் மனம் வறண்டது. கிறிஸ்துவைப் பின்பற்றுவது பற்றிய நினைவுகள் விட்டுச்சென்ற மகிழ்வு நிலைத்தது. தேர்ந்து தெளிதல் என்று நாம் இன்று சொல்வது, நடக்க முடியாத ஒருவர் படுத்தபடி பார்த்த கணக்கிலிருந்து வந்தது.

நம் இல்லங்களில் வேதனையைத் தாங்குவது எல்லாமே சிலுவை என்று எண்ணிக்கொள்கிறோம். நெஞ்சுவலியை மறைத்து அடுப்படியில் நிற்கும் அம்மா. கண் மங்கியபின்னும் இரவு லாரியின் சாவியைத் தராத அப்பா. முப்பது ஆண்டுகளாகச் சங்கத்தின் தலைவராக இருந்து, 'நான் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது' என்று சொல்லும் பெரியவர். மகன் வலிக்கிறது என்று சொன்னபிறகும், 'ஒரு ஆட்டம்தானே, ஆடிவிட்டு வா' என்று மைதானத்துக்கு அனுப்பும் நாம். இவற்றில் எது இயேசு தரும் சிலுவை, எது காலணிக்காக அறுத்த எலும்பு? உட்காராமல் இதற்கு விடை தெரியாது. இந்த வாரம் ஒரு மாலை, வீட்டில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, நற்கருணைநாதர் முன்போ வீட்டுப் பீடத்தின் முன்போ அரைமணி நேரம் உட்கார்வோமா? வலியை மறைக்கும் ஒருவர் வீட்டில் இருந்தால், அவரையும் பக்கத்தில் உட்காரவைப்போமா?

கீக்லி ஆட்டத்தைவிட்டு ஓடிப்போய்விடவில்லை. 2020ல் அதே பாந்தர்ஸ் அணிக்காக மற்ற அணிகளின் வீரர்களைக் கவனித்து மதிப்பிடும் பணியைச் செய்தார். 2022 முதல் அந்த அணியின் ஆட்டங்களை வானொலியில் விளக்கிப் பேசவும் வந்தார். பந்து நகருமுன் என்ன நடக்கப்போகிறது என்பதை அன்று களத்தில் பத்துப் பேருக்குக் கத்திச் சொன்னவர், நம்மைப்போல் ஒலிவாங்கியின்முன் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கேட்போருக்குச் சொல்லத் தொடங்கினார்.