ஆரூர்த் தேரும் அடியார் கயிறும்

திருச்சிற்றம்பலம்.

திருவிழாக் காலத்தில் திருவாரூரைச் சிந்திப்பது பெரும்பேறு. 1997-ஆம் ஆண்டில் அவ்வூர் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. ஆயினும் அதன் பெருமை அரசாணையால் வந்ததன்று. கோயில் ஐவேலி, குளம் ஐவேலி, ஓடை ஐவேலி என்று உலகோர் வழங்கும் பழமொழியே அதன் தொன்மைக்குச் சான்று. அப்பெருமையைக் கட்டிக் காத்தவர் யார் என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டிய பொருள்.

மன்னரும் மாதேவியரும் திருப்பணி செய்தனர், ஐயமில்லை. ஆரூர் அரநெறியைக் கற்றளியாக்கியவர் செம்பியன் மாதேவியார். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் தியாகேசப் பெருமானின் விமானத்திற்குப் பொன் வேய்ந்தவர் பரவை நங்கையார். இவற்றைக் கல்வெட்டுக்கள் பேசுகின்றன.

ஆனால், தொண்டர் ஒருவரைச் சேக்கிழார் நமக்குக் காட்டுகின்றார். அவர் தண்டியடிகள்; பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். கமலாலயத் திருக்குளம் தூர்ந்து குறுகியது கண்டு உள்ளம் நொந்தார். குளத்துள் ஒரு தறி, கரைமேல் ஒரு தறி நட்டு, இரண்டிற்கும் இடையே கயிறு கட்டினார். அதனைத் தடவிச் சென்று மண்ணைக் கூடையில் சுமந்து வந்து கொட்டினார். இடையூறு செய்தோர் உண்டு. அவர் பணி நிற்கவில்லை. ஈசன் அவருக்குக் கண்ணொளி அளித்தான். கண் பெற்றபின் தொண்டு செய்தாரல்லர். தொண்டு செய்து கண் பெற்றார் என்பதை நினைமின்கள்!

அவ்வூர்த் தேவாசிரிய மண்டபத்தில் கூடியிருந்த அடியார் திருக்கூட்டத்தைக் கண்டே சுந்தரர் திருத்தொண்டத்தொகை பாடினார். தனியடியார் அறுபதின்மர், தொகையடியார் ஒன்பதின்மர் அதில் இடம்பெற்றனர். அதுவே பெரியபுராணத்திற்கு வித்தாயிற்று. பிற்காலத்தில், 1762-க்கும் 1776-க்கும் இடைப்பட்ட சிலவாண்டுகளுள், சியாமா சாஸ்திரிகள், தியாகராசர், முத்துசுவாமி தீட்சிதர் ஆகிய இசை மும்மூர்த்திகளும் அம்மண்ணிலேயே தோன்றினர். ஐம்முக முழவம் ஒலிக்கும் ஊரில் இசை பிறந்ததில் வியப்பில்லை.

இனித் தேரினைக் காண்போம். ஏறக்குறைய தொண்ணூற்றாறு அடி உயரம்; முந்நூறு டன் எடை. 1926-இல் பழைய தேர் தீக்கிரையாயிற்று. 1930-இல் புதிய தேர் ஓடிற்று. 1948-க்குப் பின் அதுவும் நிலைகொண்டுவிட்டது. இருபத்திரண்டு ஆண்டுகள்! தேர் இருந்தது, வீதி இருந்தது, பெருமானும் இருந்தான். ஓட்டம் மட்டும் இல்லை. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ஆழித்தேர் அசைவதைக் காணாமலே வளர்ந்தனர். பலரும் கூடி முயன்றபின், 1970-இல் அது மீண்டும் வீதியில் உலா வந்தது. இரும்புச் சக்கரமும் தடைக்கருவியும் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தாரால் பொருத்தப்பெற்றன.

இதனால் அறிவது யாது? பழம்பெருமை தானே நிற்பதன்று. கை ஓய்ந்தால் குளம் தூரும். வடம் தளர்ந்தால் தேர் நிற்கும். ஒருவர் பற்றிய கயிறு குளத்தைக் காத்தது; ஆயிரவர் பற்றிய வடம் தேரை நடத்திற்று. தேர்வடத்தில் செல்வர் கை, வறியவர் கை என்ற வேறுபாடு ஏது?

அன்பர்களே! நம் ஊர்த் திருக்குளத்தையும் இன்று நோக்குங்கள். அதன் வாய்க்கால் திறந்துள்ளதா? படித்துறை தூய்மையாக உள்ளதா? தேர்நாளில் கும்பிட்டுக் கலைவதோடு நம் கடன் தீர்ந்துவிடாது. தண்டியடிகளுக்குக் கண்ணில்லாதபோதும் கயிறு இருந்தது. நமக்குக் கண்ணும் உண்டு, கயிற்றைப் பற்றுவோமாக!

திருச்சிற்றம்பலம்.